திறக்கக் கூடாத புத்தகத்தைத் திறந்தவர்

செய்தி எங்கள் ஆஸ்பத்திரியின் வாட்ஸாப் குழுவில் ஒரு படமாக வந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் இந்திராணி அக்காவின் அடையாள அட்டைப் புகைப்படம், அதன் கீழே ‘மாரடைப்பால் இயற்கை எய்தினார்’ என்று ஒரு வரி. நான் அப்போது ஒரு நோயாளியின் தலையில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்து, பதிவையும் எடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். வந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அக்காவின் இதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு எங்கே இருந்தது என்பது அவரோடு பழகிய எல்லாருக்கும் தெரியும். அவரே ஊரறியச் சொல்லியிருக்கிறார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் அவருடைய புன்னகையைப் பற்றி நிறையச் சொன்னார்கள். அக்கா அப்படியொன்றும் புன்னகைக்கிறவர் கிடையாது. பாதி நேரம் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். ராமநாதபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் அவர் மருந்தாளுநர். அதே மாடியில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில் நான் டெக்னீஷியன். அபிராமம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர், கல்யாணம் ஆகாதவர், டவுனில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவருக்கு வலிப்பு வந்தது. பிறகு மாத்திரையில் அடங்கி, பல வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்தது.

வலிப்பு மாத்திரை வாங்க வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சீட்டை மடித்து நீட்டி, “அந்த நரம்பு மாத்திரை...” என்று முனகுவார்கள். அக்கா கவுண்டரில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “வலிப்பு மாத்திரையா? கொண்டாங்க” என்பார். வந்தவர் முகம் சுருங்கிப்போகும். அக்கா உடனே தன் கைப்பையைத் திறந்து அதே மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுவார். “இந்தா, எனக்கும் இதுதான். நான் நல்லாத்தான இருக்கேன்? பேரச் சொன்னா நாக்குல ஒட்டிக்கிருமா?” நோயாளியின் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது, இப்படிக் கத்தக் கூடாது என்று நான் ஒருமுறை விதியை எடுத்துச் சொன்னேன். “ஏலே, நீ சொல்றது சட்டம். நான் சொல்றது சங்கடம். பேர ஒளிச்சவன் மாத்திரையவும் ஒளிப்பான், ஒளிச்சவன் ஒருநாள் போட மறப்பான்” என்றார். எனக்கு இன்றைக்கும் அது முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

இன்னொரு சண்டை சாவி பற்றியது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்பது நம்மூர் வைத்தியம். சிலர் எந்நேரமும் சாவிக்கொத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவார்கள். இ.இ.ஜி. எடுக்கும்போதும் விட மாட்டார்கள். கையை இறுக்கினால் கழுத்தும் தாடையும் சேர்ந்து இறுகும். திரையில் மூளை அலையைப் பார்க்க முடியாது, தசைத் துடிப்புதான் புல் முளைத்த மாதிரி தெரியும். நான் கத்துவேன். அவர்கள் பயந்து இன்னும் இறுக்குவார்கள். சத்தம் கேட்டு ஒருநாள் அக்கா ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து, படுத்திருந்த பெரியவரிடம், “அய்யா, சாவிய இதுல வைங்க. ஒங்க பக்கத்துலதான் இருக்கும், கண்ணால பாத்துக்கிட்டே இருங்க” என்றார். பெரியவர் வைத்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்து, “மெஷினுக்குக் காட்டுற பொறுமையில பாதிய மனுசனுக்குக் காட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டைத் திரும்ப எடுத்துப்போகவில்லை.

அதற்காக அவரைச் சாந்த சொரூபியாக்க வேண்டாம். பாம்பனிலிருந்து, படகில் மீன்பிடிக்கப் போகிற ஒருவர் வருவார். இரண்டு தடவை படகிலேயே வலிப்பு வந்திருக்கிறது. “வலிப்பு நிக்கிற வரைக்கும் கடலுக்குப் போகாதீக” என்று அக்கா சொல்ல, அவர், “கடலுக்குப் போகாம கரையில மண்ணையா திங்கிறது?” என்றார். அக்கா அங்கேயே போனை வாங்கிப் படகு முதலாளியிடம் பேசினார். “ஒங்க ஆளு தண்ணியில விழுந்தா வலைய வீசி எடுப்பீகளா? ஐஸ் ஒடைக்கிற எடத்துல, ஏலம் போடுற எடத்துல ஒரு வேலை இல்லையா ஒங்ககிட்ட?” முதலாளி என்ன சொன்னாரோ, அக்கா, “அப்ப நீங்களும் கூடப் போங்க, அவரு விழுந்தா நீங்க குதிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். பாம்பன்காரருக்குக் கரையில் வேலை கிடைத்தது. கிடைத்த பிறகும் அக்காவைத் திட்டிக்கொண்டேதான் மாத்திரை வாங்கிப் போனார்.

இனி அந்தப் புத்தகத்தைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் பிறந்த வீட்டில் ஒரு பழைய வைத்தியப் புத்தகம் உண்டு. வலிப்பு நோய் ஒன்றைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட அச்சுப் புத்தகம். தோல் முதுகு, பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்த துளை. முகப்புத் தாள் போய்விட்டதால் எழுதியவர் பெயரும் தெரியாது, வருஷமும் தெரியாது. அவர்கள் பாட்டனாருக்கும் முந்தியவர் ஒருவர் வெள்ளைக்கார டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தாராம். அவர் கொண்டுவந்ததாம். கம்பவுண்டர் அதைப் படித்து வைத்தியம் பார்த்தார். அவர் போன பிறகு அதைப் படிக்கிறவர் இல்லை, ஆனால் பெயர் மட்டும் நின்றது. புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜையன்று எடுத்துப் பொட்டு வைப்பார்கள். அன்றைக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து வலிப்பு உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அக்காவின் அண்ணன் புத்தகத்தை ஒவ்வொருவர் தலையிலும் வைத்து எடுப்பார். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாது என்பது எல்லா வீட்டு வழக்கம். மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படிக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். அந்த வீட்டில் மறுநாள் அதைத் துணியில் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆக, அந்தப் புத்தகம் வெளியே வருகிற ஒரே நாள், அதைத் திறக்கக் கூடாத நாள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும்? மறைப்பார்கள். நோயைத் தீர்க்கிற வீட்டிலேயே நோயாளி இருக்கிறாள் என்று தெரிந்தால் புத்தகத்தின் பெயர் கெட்டுப்போகுமே. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது மட்டும் அந்தப் புத்தகத்தை ஒரு தடவை திறந்தார்கள். பெரியப்பா ஒருவர் புரட்டி, இந்த ரோகமுள்ள ஸ்திரீக்கு விவாகம் ஆகாது என்று அதில் இருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து வாசித்தாராம். பேச்சு அதோடு முடிந்தது. “அம்புட்டுப் புத்தகத்துலயும் எங்க வீடு படிச்சது அந்த ஒரு வரிதான்” என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் அதற்குப் பிறகு வீட்டில் ஆளில்லாத ஒரு நாள் பெட்டியைத் திறந்து முழுவதையும் படித்திருக்கிறார். “முக்காவாசி குப்பைடா. கெட்ட நடத்தையால வரும்னு எழுதியிருக்கான். என்னத்தையோ உப்பக் கரைச்சுக் குடுக்கச் சொல்றான், ஒருவேளை அது கொஞ்சம் கேட்டிருக்கும். ஆனா ஒரு பக்கம் இருக்கு பாரு, அத எழுதுனவன் நோயாளி பக்கத்துல உக்காந்து பாத்தவன்” என்றார். அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டுவிடலாம், எல்லாரும் படிக்கட்டும் என்று நான் உடனே குதித்தேன். “படம் எடுத்துப் போனுக்குள்ள பூட்டி வைப்ப. அது எங்க அண்ணன் பெட்டி, இது ஒன் பெட்டி. வாய்விட்டுப் படிக்கணும்லே” என்றார்.

வாய்விட்டுப் படித்ததை நான் நேரில் பார்த்தேன். ஒரு சரஸ்வதி பூஜைக்கு, “வா, ஒரு மருத்துவ அதிசயம் காட்டுறேன்” என்று என்னைக் கூட்டிப்போனார். கூடத்தில் பொரியும் சந்தனமும் ஊதுபத்திப் புகையுமாக இருந்தது. சுவர் ஓரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் புத்தகத்தைத் தலைதலையாக வைத்துக்கொண்டு வந்தார். நயினார்கோவில் பக்கமிருந்து வந்திருந்த ஒரு பெண், முறை வருவதற்கு முன்னாலேயே சரிந்து விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் மொத்தமும் அவள் மேல் கவிந்துவிட்டது. “சாவி! சாவியக் குடுங்க!” என்று ஒரே கத்தல். அக்காவின் மதினி, அண்ணன் மனைவி, இடுப்பில் செருகியிருந்த பெரிய சாவிக்கொத்தை உருவி அந்தப் பெண்ணின் கையில் திணிக்கப் போனார். அக்கா அதைத் தட்டிவிட்டார். என்னைப் பார்த்து, “கூட்டத்தத் தள்ளு” என்றார். அதை நான் நன்றாகச் செய்வேன். அக்கா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே தன் மடியைக் கொடுத்தார். பிறகு கையை நீட்டி அண்ணன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிடுங்கினார்.

“இந்திராணி! பூசையில இருக்கிற புத்தகம். இன்னைக்குத் தொறக்கப்பிடாது.”

“நாளைக்குத் தொறப்பியாண்ணே? நாளைக்கு மடிச்சுல்ல வைப்ப.”

திறந்து படித்தார். பக்கம் மனப்பாடம், ஆனாலும் எழுத்தில் விரல் வைத்துப் படித்தார். “வலிப்புக் கண்ட ரோகியின் கையில் இரும்பு முதலானவற்றைத் திணிப்பது வீண் வழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. தான் நிற்குங் காலத்தில் தானே நிற்கிறது. இது பேயுமல்ல, பிறரைத் தொற்றுவதுமல்ல. கூட்டங் கூடாமல் காற்று வரவிட்டு, ஒருக்களித்துக் கிடத்தி, பற்களினிடையே மரத்துண்டு வைத்து...” இந்த இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்கி, “இது தப்பு. வாயில ஒண்ணும் வைக்கப்பிடாது” என்று சொல்லிவிட்டு மறுபடி விரலை வைத்தார். “...ரோகி தெளியுமட்டும் பக்கத்திலிருப்பதே உத்தமம்.” அவர் படித்து முடிக்கவும் அந்தப் பெண்ணின் இழுப்பு அடங்கவும் சரியாக இருந்தது. நான் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இயல்பாக அடங்குகிற நேரம்தான். அந்த வீட்டில் எத்தனை பேர் அதைப் புத்தகத்தின் மகிமை என்று நினைத்தார்களோ தெரியாது. பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, “ரொம்பப் புண்ணியம்மா. இப்பத் தலையில வைக்கச் சொல்லுறீகளா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் காலைக் கிள்ளினார்.

அண்ணன் அதற்குப் பிறகு பூஜைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அக்காவும் அந்த வீட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. இந்த ஆவணியில் அண்ணன் மகள் சுகன்யாவுக்கு நிச்சயதார்த்தம். அத்தை வந்தால்தான் சேலையைக் கையில் வாங்குவேன் என்று அந்தப் பெண் அடம்பிடித்ததால் போனார். உயிரோடு திரும்பவில்லை.

துக்க வீட்டில் எல்லாரும் என்னிடமும் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். நான் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். “தம்பி, வந்த எடத்துல வந்த வேலையப் பாரு” என்றார். கொல்லைப்புறத்தில் சுகன்யாதான் சொன்னாள்.

“அத்தை பை கூடத்துப் பீரோவுல இருந்துச்சு. மாத்திரை மாப்ள வீட்டாளுக கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு அம்மா உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. அத்தை கேட்டாக. ‘அவுக கூடத்துலயே உக்காந்திருக்காக, எந்திரிச்சுப் போகட்டும் இந்திராணி’ன்னு அம்மா சொன்னாங்க. அவுக போகல, தங்கிட்டாக. மறுநாளும் அத்தை கேட்டாக. அப்பயும் அப்பிடித்தான். விடியக்காலம் கொல்லையில விழுந்துட்டாக. நின்னுச்சு, திரும்ப வந்துச்சு, திரும்ப வந்துச்சு. அப்பா சாவி சாவின்னு கத்துனாரு. அம்மா இடுப்புல இருந்து எடுத்து அத்தை கையில திணிச்சாங்க.” வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அந்தக் கொத்துலதான் பீரோச் சாவியும் இருந்துச்சு. எனக்கே அப்பறந்தான் ஒறைச்சுச்சு.”

எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் பீரோவைத் திறந்து மாத்திரையை எடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. மாத்திரை முந்தின நாளே வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் போயிருக்க வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று சுகன்யா சொன்னதற்கு, சத்தம் தெரு முழுக்கக் கேட்குமே என்று அண்ணன் காருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். கார் வந்தது. பாதி வழியில் எல்லாம் முடிந்தது. அவ்வளவுதான். விதி, வேளை, ஆண்டவன் கணக்கு என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.

அக்கா, எனக்கு உங்கள் மேலும் கோபம். கவுண்டரில் நின்று ஊருக்கே கத்தினீர்களே, அந்தக் கூடத்தில் ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் போய் நின்று, “பீரோவத் தொறங்க, என் வலிப்பு மாத்திரை உள்ள இருக்கு” என்று சொல்ல உங்களுக்கா தெரியாது? சுகன்யாவின் நல்ல நாளைக் கெடுக்க வேண்டாம் என்று பொறுத்திருப்பீர்கள். என்னைப் பொறுமை இல்லாதவன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். வாழ்க்கையில் நீங்கள் பொறுமை காட்டவே கூடாத ஒரு இடம் இருந்தது. அங்கே போய்க் காட்டினீர்கள்.

ஆஸ்பத்திரி மட்டும் என்ன வாழ்ந்தது? அஞ்சலிக் கூட்டத்தில் மேலாளரும் மாரடைப்பு என்றார். நான் எழுந்து இல்லை என்றேன். அவர் என்னைத் தனியே அழைத்து, “வலிப்பு மாத்திரை குடுத்தவங்களே வலிப்புல போனாங்கன்னா, நாளைக்கு யாருப்பா நம்பி மாத்திரை வாங்குவா?” என்றார். மாத்திரை போட்டதால் இத்தனை வருஷம் நன்றாக இருந்தார், கொடுக்காததால் செத்தார் என்று சொன்னால் இன்னும் கூடுதலாகத்தான் வாங்குவார்கள் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்தார் என்பது சரி.

காரியம் முடிந்த மறுவாரம் சுகன்யா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை. அத்தைக்கு வலிப்பு இருந்ததையும் அதில்தான் இறந்தார் என்பதையும் தானே மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “யோசிச்சுச் சொல்றேன்னிருக்காரு. யோசிக்கட்டும். சொல்லியாச்சுல்ல” என்றாள். அக்காவின் முகவெட்டு அவளுக்கு இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பையை என் மேசை மேல் வைத்தாள். உள்ளே அந்தப் புத்தகம். பட்டுத் துணியைக் காணோம்.

“அப்பா தேட மாட்டாரா?” என்றேன்.

“சரஸ்வதி பூசைக்குத்தான் தேடுவாரு. அது வரைக்கும் நீங்க தொறந்து வைங்கண்ணே.”

திறந்துதான் வைத்திருக்கிறேன். இ.இ.ஜி. அறை மேசையில், அக்காவின் எவர்சில்வர் தட்டுக்குப் பக்கத்தில், அந்தப் பக்கம் மேலே தெரிய. தட்டில் இப்போதும் தினமும் சாவிகள் விழுகின்றன. சென்ற வாரம் சாயல்குடியிலிருந்து பேரனைக் கூட்டி வந்த ஒரு அம்மா சாவியைத் தட்டில் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பழைய புத்தகம் என்றதும் கை தானாக நீண்டது, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள.

“தொட்டுக் கும்பிடாதீங்கம்மா. படிங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி.”

வெளியே பெரிய வரிசை. ஒயர்களை இன்னும் ஒட்டவில்லை. இந்திராணி அக்கா இறந்த பிறகு அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேனே, அதுதான். எழுத்தில் விரல் வைத்து, வாய்விட்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். மரத்துண்டு வருகிற இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்கி, “இது தப்பும்மா. வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது” என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “புத்தகத்துலயே தப்பு இருக்குமா தம்பி?”

“இருக்கும்மா. அதுக்குத்தான் படிக்கணும்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.